பெண்ணும் புகையும்

நம் பல்கலைக்கழகத்துத் தேநீர்க் கடைகளிலும் விடுதித் தாழ்வாரங்களிலும் அடிக்கடி எழும் வாதம் ஒன்று உண்டு. மாணவியர் சிலர் சிகரெட் பிடிக்கின்றனர். அது சரியா, தவறா என்பதே அவ்வாதம். "தமிழ்ப் பண்பாடு என்னாவது?" என்று ஒரு சாரார் பதறுகின்றனர். "ஆண் பிடிக்கலாம், பெண் பிடிக்கலாகாதோ? இதுவும் எங்கள் உரிமையே" என்று மற்றொரு சாரார் முழங்குகின்றனர். வாதம் சூடேறுகிறது, தேநீர் ஆறிப்போகிறது, முடிவு மட்டும் பிறப்பதில்லை.

இரு சாரார் பேச்சையும் பொறுமையோடு கேட்டால் ஒன்று விளங்கும். இருவருமே அந்தப் பெண்ணைத்தான் பார்க்கின்றனர். அவள் கைக்குச் சிகரெட்டைக் கொண்டுவந்து சேர்த்தது எது என்று எவரும் பார்ப்பதில்லை. வறுமையும் ஓய்வின்மையும் ஒரு பக்கமிருந்து பெண்ணைப் புகையை நோக்கித் தள்ளுகின்றன. வாணிகமும் விளம்பரமும் மறு பக்கமிருந்து அவளை இழுக்கின்றன. இதை அறியாமல் செய்யும் கண்டனமும் வீண், பாராட்டும் வீண். இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே கூற விரும்புகிறேன்.

பண்பாட்டின் பெயரால்

முதலில் பண்பாட்டுக் காவலரின் கட்சியை ஆராய்வோம். புகையிலை நம் மண்ணில் பிறந்த பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் போர்த்துகீசியரின் கப்பல்களில் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். புகையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. கூறுவதற்கு அன்று இங்கே புகையிலையே இல்லை! ஆகவே, புகைப்பது தமிழ்ப் பண்பாடு அன்று என்றால், அது ஆணுக்கும் பண்பாடு அன்று. ஆண் புகைத்தால் 'பழக்கம்', பெண் புகைத்தால் 'சீரழிவு' என்பது எந்த நூலில் கண்ட நீதி?

நம் திரைப்படங்களையே பாருங்கள். கதாநாயகன் சிகரெட்டைச் சுண்டி உதட்டில் பிடித்தால் கொட்டகை முழுவதும் கைதட்டல். அதே படத்தில் ஒரு பெண் புகைத்தால் அவள் கெட்டவள் என்பதற்கு அதுவே அடையாளம். பல்லாண்டுகளாக நாம் கண்டு பழகிய காட்சி இது. ஒரே நெருப்பு, ஒரே புகை; ஆனால் ஒருவனுக்கு வீரம், ஒருத்திக்கு இழுக்கு.

இதைவிட விந்தை ஒன்றும் உண்டு. நம் கிராமத்துப் பாட்டி வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்லுகிறாள். சில ஊர்களில் சுருட்டுப் பிடிக்கும் பாட்டிமாரும் உண்டு. அவர்களைக் கண்டு, பண்பாடு போயிற்று என்று எவரும் ஓலமிட்டதில்லை. படித்த பெண், வெளியூரில் தனித்துத் தங்கும் பெண், நாளை தானே சம்பாதிக்கப் போகும் பெண் புகைத்தால்தான் கூச்சல் கிளம்புகிறது. அப்படியானால் இந்தச் சினம் யார்மீது? புகையின்மீதா, அவள் தன் காலில் நிற்பதன்மீதா? பண்பாட்டுக் காவலர் தம் நெஞ்சைத் தொட்டு விடை கூறட்டும்.

உழைப்பவளின் புகை

இந்தியாவில் புகைக்கும் பெண் என்றதும் நம் கண்முன் நிற்பவள் நகரத்துக் கல்லூரி மாணவி. உண்மை நிலை வேறு. 2016-17-ல் நம் நாட்டில் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் 100-க்கு 19 பேர் புகைத்தனர். பெண்களில் 100-க்கு 2 பேரே புகைத்தனர். ஆனால் மெல்லுவது, பல்லில் தேய்ப்பது, மூக்கில் இழுப்பது என்று புகையில்லாமல் புகையிலை கொண்ட பெண்கள் 100-க்கு ஏறத்தாழ 13 பேர். அந்த 2 பேரிலும் பெரும்பாலோர் பீடியும் சுருட்டும் ஹூக்காவும் பிடிக்கும் ஏழைப் பெண்கள். படிப்பு ஏற ஏறப் பெண்களிடையே இப்பழக்கம் குறைவதையும் அக்கணக்கு காட்டியது.

ஆந்திரக் கடற்கரையில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பகுதிகளுக்குச் சென்றால் ஒரு வழக்கத்தைக் கேள்விப்படலாம். 'சுட்டா' எனும் நாட்டுச் சுருட்டை, எரியும் முனை வாய்க்குள் இருக்கும்படி வைத்துப் புகைப்பர். தெலுங்கில் இதற்கு 'அட்டபொக' என்று பெயர். ஆண்களைவிடப் பெண்களிடமே, அதிலும் நடுவயது கடந்த உழைப்பாளிப் பெண்களிடமே, இவ்வழக்கம் மிகுதி. கடற்காற்றில் நெருப்பு அணையாது, சுருட்டு நெடுநேரம் நிற்கும், வேலையின் நடுவே சாம்பல் சிந்தாது என்றெல்லாம் காரணம் கூறுவார்கள். தாயைப் பார்த்து மகள் கற்றுக்கொண்டாள். அதற்குக் கிடைத்த பரிசு மேலண்ணத்தில் புற்றுநோய். உலகில் வேறெங்கும் அரிதாகக் காணப்படும் அந்நோய்க்கு மருத்துவ ஆராய்ச்சியாளர் இவ்வூர்களை எடுத்துக்காட்டாகக் குறிப்பிடும் நிலை வந்தது.

அரியானாவின் சிற்றூர்களில் மூதாட்டியர் ஹூக்கா பிடிக்கின்றனர். மிசோரத்தில் உள்ளூர்ப் புகையிலையைச் சுருட்டிப் பெண்களும் புகைக்கின்றனர். மகாராஷ்டிரத்தில் புகையிலையை வறுத்துப் பொடித்த 'மிஷ்ரி', ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் 'குடாகு' ஆகியவற்றைக் கொண்டு பல் தேய்க்கின்றனர். பல்வலிக்கு மருந்து என்று தொடங்குவது, நாளுக்கு நான்கு முறை தேய்க்காவிட்டால் தலை சுற்றும் என்ற அளவுக்கு வளர்கிறது.

ஏன் இப்படி? விடை மருத்துவ நூலில் பாதி, வயிற்றில் பாதி. புகையிலையிலுள்ள நிகோடின் பசியை மந்தப்படுத்தும். சோர்வைச் சற்று மறைக்கும். விடியுமுன் எழுந்து சமைத்து, வயலிலோ செங்கல் சூளையிலோ கட்டட வேலையிலோ பகலெல்லாம் சுமந்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்புகிறவளுக்கு ஓய்வு ஏது? ஆண் கூலியாள் பீடி பற்றவைத்தால் மேஸ்திரியும் ஐந்து நிமிடம் பொறுப்பான். பெண் வெறுமனே உட்கார்ந்தால் "சும்மா இருக்கிறாள்" என்ற வசை வந்து சேரும். இடுப்பில் செருகிய புகையிலைப் பொட்டலமே அவள் தனக்கென்று வைத்திருக்கும் ஒரே செல்வமாகிறது.

இது நம் நாட்டு ஏழைக்கு மட்டும் உரிய கதை அன்று. இங்கிலாந்தில் ஹிலரி கிரஹாம் என்ற சமூகவியல் பேராசிரியை, குறைந்த வருமானத்தில் குழந்தைகளை வளர்க்கும் தாய்மாரைப் பற்றி 1987-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தனக்கென்று நேரமோ பணமோ இல்லாத அந்தத் தாய், குழந்தைகளின் நச்சரிப்பிலிருந்து சற்று விலகி அமரும் சாக்காகச் சிகரெட்டைப் பற்றினாள் என்பது அவர் கண்ட உண்மை. அவள் நாடியது ஓய்வு; கையில் கிடைத்தது சிகரெட்டு.

பீடி ஏன் இவ்வளவு மலிவு என்றும் கேட்க வேண்டும். அதைச் சுற்றும் கை மலிவாக இருப்பதால்தான். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளிலும், வங்கத்து முர்ஷிதாபாத்திலும், தெலங்கானாவின் நிஜாமாபாத்திலும், மடியில் முறத்தை வைத்து இலை வெட்டித் தூள் நிரப்பி நூல் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாடு முழுவதும் பீடித் தொழிலாளர் ஏறத்தாழ அரைக் கோடிப் பேர் என்பது அரசாங்கக் கணக்கு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி இல்லை. வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ஏற்றும் அவள் கூலி உயர்ந்துவிடவில்லை. புகைக்காமலேயே புகையிலைத் தூளை நாள்தோறும் அவள் சுவாசிக்கிறாள். அவள் குறைந்த கூலிக்குச் சுற்றிய பீடி, வேறோர் ஊரில் மற்றோர் ஏழைப் பெண்ணின் பசியை மந்தப்படுத்துகிறது. இலாபம் மட்டும் இருவரிடமும் தங்குவதில்லை.

கடையில் வாங்கிய விடுதலை

இனி, 'இது எங்கள் உரிமை' என்போரின் கட்சியைக் காண்போம். இந்தச் சொல் சிகரெட்டோடு எப்படி ஒட்டிக்கொண்டது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அது அமெரிக்க நாட்டு வரலாறு.

1908-ல் நியூயார்க் நகரசபை, உணவு விடுதி போன்ற பொது இடங்களில் பெண்கள் புகைப்பதற்கு எதிராக ஒரு விதி செய்தது. நகரத் தலைவர் அதைச் செல்லாததாக்கிவிட்டார். ஆயினும் ஊராரின் மனத்தில் இருந்த தடை நீங்கவில்லை. 1920-ல் அந்நாட்டுப் பெண்கள் நெடுங்காலம் போராடி நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றனர். ஆண் பெற்றதெல்லாம் நாமும் பெறுவோம் என்ற ஊக்கம் பொங்கிய காலம் அது. அந்த ஊக்கத்தை ஒரு சிகரெட் முதலாளி கண்டார். மக்கள்தொகையில் பாதிப் பேர் வாங்காமல் இருக்கிறார்களே என்பதே அவர் கவலை.

1928-ல், இனிப்பைக் கைவிட்டு 'லக்கி ஸ்டிரைக்' சிகரெட்டைப் பற்றுங்கள் என்று விளம்பரம் வந்தது. உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தையே முதலாக வைத்த வாணிகம் அது. மறு ஆண்டு அந்தக் கம்பெனிக்காக எட்வர்டு பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர் ஒரு சூழ்ச்சி செய்தார். மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் மருமகன் அவர். 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் மக்கள் ஊர்வலமாகச் சென்றபோது, இளம்பெண்கள் சிலர் கூட்டத்தின் நடுவே சிகரெட்டைப் பற்றவைத்தனர். 'விடுதலைத் தீபங்கள்' என்று அவற்றுக்குப் பெயர் சூட்டப்பட்டது. பத்திரிகைகள் படத்தோடு செய்தி வெளியிட்டன. அது பெண்களின் கிளர்ச்சி என்றே நாடு எண்ணியது. அதன் பின்னால் கம்பெனியின் பணம் இருந்ததை அன்று படித்தவர் அறியவில்லை. பின்னாளில் பெர்னேஸே புகைக்கு எதிரான முயற்சிகளுக்கு ஆதரவு தந்தார். ஆனால் ஏற்றிய தீபத்தை அவரால் அணைக்க முடியவில்லை.

1968-ல் மற்றொரு கம்பெனி, பெண்களுக்கென்றே 'வர்ஜினியா ஸ்லிம்ஸ்' என்ற ஒல்லியான சிகரெட்டை விற்கத் தொடங்கியது. பெண்கள் எவ்வளவு தூரம் முன்னேறிவிட்டார்கள் என்று வியப்பதே அதன் விளம்பரம். டென்னிஸில் ஆண்களுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டுத் தங்களுக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள் என்று வீராங்கனைகள் 1970-ல் தனிப் போட்டி கண்டபோது, பரிசுப் பணத்தோடு முன்வந்ததும் அந்தச் சிகரெட்டுதான். அவர்களின் வழக்கு நியாயமானது. அந்த நியாயத்தின் தோளில் ஏறிக்கொண்டு சிகரெட்டும் ஊர்வலம் போயிற்று.

முடிவு என்ன? 1965-ல் அமெரிக்கப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 34 பேர் புகைத்தனர். 1987-ல், பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றை முந்தி நுரையீரல் புற்று அங்கே முதலிடம் பெற்றது. விளம்பரம் வாக்களித்த சமத்துவம் சாவில் வந்து சேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆண்கள் தொடங்கிச் சில பத்தாண்டுகள் கழிந்த பின்பே மேலை நாடுகளில் பெண்களின் புகை பெருகியது. முதலில் பற்றவைத்தவர்கள் வசதியும் படிப்பும் உடைய பெண்கள். கேடு தெரிந்ததும் முதலில் கைவிட்டவர்களும் அவர்களே. அதற்குள் பழக்கம் ஏழைப் பெண்களிடம் இறங்கிவிட்டது. இறங்கியது எளிதில் நீங்கவில்லை. இன்று அந்நாடுகளில் புகை பெரும்பாலும் ஏழையின் சுமை. மாளிகை தொடங்கிவைத்தது, குடிசை சுமக்கிறது. நம் நாட்டில் அந்த வழி தொடங்குமானால், தொடங்கும் இடம் நம் போன்ற பல்கலைக்கழகங்களாகவே இருக்கும். இந்த வாதத்தை நான் பொழுதுபோக்காகக் கருதாததற்கு இதுவே காரணம்.

நம் மாணவியும் நாமும்

நம் வளாகத்து மாணவியைப் புகை எவ்வாறு நெருங்குகிறது? நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் விளம்பரத்தைத் தடுத்தது. ஆனால் படக்காட்சியும் கைப்பேசியில் ஓடும் படங்களும், எவரும் எழுதாத விளம்பரமாக நின்று வேலை செய்கின்றன. வீட்டை விட்டு வந்த தனிமை, தேர்வுக்கால இரவுகள், மெலிந்திருக்க வேண்டும் என்ற கவலை ஆகியவை துணை நிற்கின்றன. தோழர்கள் கூடிப் பேசும் இடம் புகைக்கும் இடமாக இருந்துவிட்டால், பேச்சில் கலக்க விரும்புகிறவளும் அங்கே போய் நிற்கிறாள். நாளை அலுவலகத்திலும் இதே நிலைதான். ஒற்றைச் சிகரெட் வாங்கும் வசதி இருப்பதால் தொடங்குவதற்குப் பெரும் பணமும் வேண்டியதில்லை.

ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தோழியரே, ஒன்று எண்ணிப் பாருங்கள். சம வேலைக்குச் சம ஊதியம், இரவில் அச்சமின்றி நடக்கும் வீதி, மாணவர் விடுதிக்கு ஒரு நேரம் மாணவியர் விடுதிக்கு ஒரு நேரம் என்று கதவடைக்காத நீதி ஆகியவை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் போராட வேண்டியிருக்கிறது. சிகரெட்டு மட்டும் பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கிறது. இவ்வளவு எளிதில் கிடைக்கும் விடுதலையின்மேல் ஐயம் கொள்ள வேண்டாமா?

உடலின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பீடியே பெரும்பாலும் பிடித்த இந்தியப் பெண்கள் சராசரி 8 ஆண்டு ஆயுளை இழந்தனர் என்று 2008-ல் வெளிவந்த பெரியதோர் ஆராய்ச்சி காட்டியது. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் குறைந்தது 10 ஆண்டுகளை இழந்தனர் என்றது அது. ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் அதிலேயே உண்டு. 30 வயதுக்கு முன் விட்டுவிட்டவர்கள், புகையால் மிகும் மரண அபாயத்தில் 100-க்கு 97 பங்கைத் தவிர்த்துக்கொண்டனர். இதைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்களே!

இனி, சகோதரர்களுக்கு ஒரு சொல். பெண் புகைப்பதைக் கண்டு கொதிக்கும் நண்பர் சிலர் தம் கையில் சிகரெட்டோடுதான் கொதிக்கின்றனர். ஜப்பானில் ஹிராயாமா என்ற அறிஞர் புகைக்காத 91,540 மனைவிமாரைப் பல ஆண்டுகள் கவனித்து, 1981-ல் தம் முடிவை வெளியிட்டார். கணவன் மிகுதியாகப் புகைத்த வீடுகளில், ஒருநாளும் புகைக்காத மனைவிக்கு நுரையீரல் புற்று மிகுதியாக வந்தது. பெண்ணைப் புகையினின்று காக்க விரும்பும் ஆண் முதலில் தன் சிகரெட்டை அணைக்கட்டும்.

ஏச்சினால் எவரும் திருந்துவதில்லை, மறைக்கத்தான் கற்றுக்கொள்கின்றனர். ஆண் விடமுடியாமல் தவித்தால் நண்பரிடமும் மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்கிறான். பழிக்கு அஞ்சும் பெண் மருத்துவரிடமும் மறைக்கிறாள். புகைப்பவள் சில கருத்தடை மாத்திரைகளை உட்கொண்டால், அதிலும் 35 வயதுக்கு மேல், மாரடைப்பு அபாயம் மிகும். கருவுற்ற காலத்தில் புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். மருத்துவர் கட்டாயம் அறிய வேண்டிய செய்திகள் இவை. அவள் வாயை அடைப்பது எது? நாம் எறியும் பழிச்சொல்தான்.

செய்யத்தக்கவை

நம் சங்கம் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. கூட்டங்களிலும் சுற்றுலாக்களிலும் எவரும் புகைக்கலாகாது என்று பொதுவாக ஒரு விதி செய்யலாம். ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று அன்று. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்ற சட்டம் நம் வாயிலில் காற்றில் பறக்காதபடி பார்த்துக்கொள்ளலாம். விட விரும்புவோர்க்கு உதவ அரசாங்கம் 1800-11-2356 என்ற எண்ணில் இலவசத் தொலைபேசிச் சேவை நடத்துகிறது. அதை ஆண், பெண் இரு விடுதிகளிலும் எழுதி ஒட்டலாம். தேர்வுக்கால இரவுகளில் மாணவியரும் கூடிப் படிக்கவும் பேசவும் நூலகமும் சிற்றுண்டிச் சாலையும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். களைப்பாற ஓர் இடமும் கலந்து பேச ஓர் இடமும் இருந்தால், சிகரெட்டு தரும் பொய்யான ஓய்வுக்குத் தேவை குறையும்.

இவையெல்லாம் பெரிய புரட்சிகள் அல்ல. ஆனால் ஏழைப் பெண்ணுக்கு ஓய்வும் உணவும் நியாயக் கூலியும், படித்த பெண்ணுக்கு உண்மையான சமத்துவமும் வேண்டும் என்று கேட்கும் மனம் இவற்றிலிருந்துதான் வளர வேண்டும். அந்த மனம் வளருமானால், தேநீர்க் கடை வாதத்தில் "அவள் ஏன் புகைக்கிறாள்?" என்று ஏளனமாகக் கேட்பதை விட்டு, அவள் தோளில் உள்ள சுமை எது, அதில் நாம் இறக்கிவைக்கக் கூடியது எது என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை தேடும் மாணவர் சமுதாயமே பண்பாட்டைப் பற்றிப் பேசத் தகுதியுடையது.